வீக்கம் வத்தின பிறகும் ஏன் போகவேணும்?

 

இது நீண்ட பதிவு. இப்போது நேரம் இல்லாவிட்டால் சேமித்து வைத்து இரவு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமை ஒரு தாய் பாடசாலைக்கு வந்தார். மகள் நம்மிடம் தரம் 8இல் படிக்கிறாள். பெயர் சொல்ல மாட்டோம். பிள்ளையின் இடது தாடையில் கட்டி ஒன்று வந்து, தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சை நடந்து, இப்போது முகம் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் இரண்டு கிளினிக் திகதிகள் தவறிப் போயிருந்தன. ஏன் என்று கேட்டோம். தாய் சொன்னார்:

"வீக்கம் வத்திப் போச்சுது சேர். பிள்ளைக்கு நோவும் இல்லை. பிறகும் ஏன் சேர் போகவேணும்? ஒருக்காப் போய்வந்தால் ஒரு நாள் கூலியும் போகுது, பஸ் காசும் போகுது."

நியாயமான கேள்வி. நம்மிடம் உடனே பதில் இருக்கவில்லை. "டொக்டர் சொன்னால் போகத்தானே வேணும் அம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். அது பதில் இல்லை என்பது நமக்கே தெரிந்தது. பிறகு சில வாரங்களாகத் தேடி வாசித்தோம். தெரிந்த பல் வைத்தியர் ஒருவரிடமும் கேட்டுக்கொண்டோம். தேடப் போன இடத்தில் ஒரு சரித்திரமே கிடந்தது. அந்தத் தாயின் கேள்விக்கான பதில் அதற்குள் இருக்கிறது.

முதலில் நம் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் கன்னம் ஒரு பக்கம் தடித்திருப்பதை நாம் ஒரு தவணை முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கூகைக்கட்டாக இருக்கும் என்றோம். பல் சூத்தையாக இருக்கும் என்றோம். வீட்டிலும் பத்துப் போட்டார்கள். கூகைக்கட்டு என்றால் ஒன்றிரண்டு கிழமையில் வத்தியிருக்க வேண்டும். பல் சூத்தை என்றால் நோக வேண்டும். இது நோகவும் இல்லை, வத்தவும் இல்லை. மற்றப் பக்கத்தில் முளைத்த கடைவாய்ப் பல் இந்தப் பக்கத்தில் முளைக்கவும் இல்லை. முழுத் தாடைக்கும் எக்ஸ்ரே எடுத்தபோதுதான், எலும்புக்குள் ஒரு கறுப்பு வட்டமும் அதற்குள் மாட்டிக்கொண்ட அந்தப் பல்லும் தெரிந்தன.

அன்று தாய் கேட்ட முதல் கேள்வி, "தாடைய வெட்டி எடுத்துப்போடுவினமோ?" என்பது. அந்தப் பயத்துக்கு 200 வருடச் சரித்திரம் உண்டு.

1810ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெனசி மாநிலம். வில்லியம் டெடரிக் என்ற வைத்தியரிடம் 14 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். கீழ்த் தாடையில் பெரிய கட்டி. டெடரிக் தாடை எலும்பின் ஒரு பகுதியையே அறுத்து எடுத்தார். பையன் பிழைத்தான். மயக்க மருந்து என்று ஒன்று அப்போது அங்கே பாவனையில் இல்லை என்பதை நினைத்துக்கொண்டு இந்த வரியை இன்னொரு தடவை வாசியுங்கள். ஈதர் கொடுத்து மயக்கி அறுப்பதை ஊரறியச் செய்து காட்டியது 1846இல், பொஸ்டன் நகரில். இந்தப் பையனோ அதற்கு 36 வருடங்களுக்கு முன்னே கத்திக்குக் கீழ் கிடந்தவன்.

டெடரிக் தன் வேலையைப் பற்றி எழுதியது 1823இல்தான். அதற்குள் பாரிஸில் டுபுய்த்ரன் என்ற பிரபல சத்திரவைத்தியர் 1812இல் இதே சிகிச்சையைச் செய்து பெயர் எடுத்துவிட்டார். 1827இல் டப்ளின் நகரத்து குசாக் என்பவர் இப்படியான தாடைக் கட்டிகளைப் பற்றி எழுதினார். இன்று 'அமெலோபிளாஸ்டோமா' எனப்படும் கட்டியின் முதல் விவரிப்பு அதுவே என்று பாடநூல்கள் சொல்கின்றன.

அந்தக் காலத்து வைத்தியர்களைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. எலும்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்களிடம் எக்ஸ்ரே இல்லை. ரொன்ட்ஜன் அதைக் கண்டுபிடித்தது 1895இல். கட்டி எது, அதன் எல்லை எது என்று தெரியாதபோது, கூடுதலாக அறுப்பதே உயிருக்குப் பாதுகாப்பு என்று அவர்கள் நினைத்தார்கள்.

இந்தச் சரித்திரம் நம் வடக்கையும் தொட்டுப் போகிறது. பொஸ்டனில் ஈதர் கொடுத்த அடுத்த வருடம், 1847இல், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அதைத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் இருந்த சத்திரவைத்திய நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்து 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இல் வெளியிட்டார்கள். படிப்பிக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு இது பெரிய விடயமாகப்பட்டது. தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை ஒரு நோயாளி தன் மொழியில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று 150 வருடங்களுக்கு முன்னரே ஒருவர் நினைத்திருக்கிறார். அந்தத் தாயின் கேள்விக்கு "டொக்டர் சொன்னால் போகவேணும்" என்று நாம் கொடுத்த பதில் எவ்வளவு போதாதது என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, அந்தக் கட்டி என்னதான் செய்கிறது?

தரம் 8 பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்கிறோம். பல்லின் வெளிப்பக்கம் மிளிரி என்ற மிகக் கடினமான பூச்சு இருக்கிறது. பல் முரசுக்குள் உருவாகும்போது அந்த மிளிரியைச் செய்வதற்கென்றே சில கலங்கள் உண்டு. வேலை முடிந்ததும் அவை ஓய்ந்துவிட வேண்டும். பல்லை உருவாக்கிய அந்த இழையத்தில் மிஞ்சிக் கிடப்பவை சில வேளை ஓயாமல் பெருகத் தொடங்குகின்றன. அதுதான் இந்தக் கட்டி. 1885இல் பிரான்ஸ் நாட்டு மலாசே இதற்கு 'அடமன்டினோமா' என்று பெயர் வைத்தார். 1930இல் ஐவி, சர்ச்சில் என்ற இருவர் 'அமெலோபிளாஸ்டோமா' என்று மாற்றினார்கள்.

இது சாதாரணமாகப் புற்றுநோய்போல உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவுவதில்லை. ஆனால் இருக்கும் இடத்தில் எலும்பைத் தின்றுகொண்டு வளரும். தோட்டம் செய்பவர்களுக்கு அறுகு தெரியும். மேலே பிடுங்கினால் நிலம் சுத்தமாகத் தெரியும். மண்ணுக்குள் ஒரு துண்டு வேர் கிடந்தால் போதும், அடுத்த மழைக்கு மறுபடி தலை காட்டும். இந்தக் கட்டியின் சாதாரண வகையும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி எலும்பின் துளைகளுக்குள் வேர்போல ஓடியிருக்கும். அதனால்தான் கட்டியைச் சுற்றி ஒன்று, ஒன்றரைச் சென்ரிமீற்றர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கிறார்கள்.

வளர்ந்த ஒருவருக்கு இப்படி எடுத்தால், காலில் உள்ள எலும்பு ஒன்றை இரத்தக் குழாயோடு எடுத்துவந்து தாடையில் பொருத்தலாம். 1989இல் அமெரிக்காவின் ஹிடால்கோ இதைச் செய்து காட்டிய பிறகு இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் 10, 12 வயதுப் பிள்ளைக்கு? முகம் இன்னும் வளர்ந்து முடியவில்லை. முளைக்க வேண்டிய பற்கள் எலும்புக்குள் காத்திருக்கின்றன. ஒரு பக்கத்தை வெட்டினால் மற்றப் பக்கம் வளர வளர முகம் கோணிப் போகலாம். சாப்பாடு, பேச்சு, வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் பார்வை, பெண்பிள்ளை என்றால் நாளைக்கு ஊர் பேசப்போகும் கதை எல்லாம் அந்த வெட்டோடு சேர்ந்து வரும். ஆகவே வைத்தியர்கள் வேறு வழி தேடினார்கள்.

அந்த வழியின் ஆரம்பம் 1892இல், அன்றைய ஜேர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்தில். கார்ல் பார்ட்ஷ் என்பவர் தாடைக்குள் வரும் நீர்க்கட்டிகளை முழுதாகத் தோண்டி எடுக்காமல், வாய்ப்பக்கமாக ஒரு ஜன்னல் மட்டும் திறந்துவிட்டார். உள்ளே இருந்த நீர் வடிந்தது. அழுத்தம் இறங்கியது. சில மாதங்களில் எலும்பு ஓரங்களிலிருந்து தானாக வளர்ந்து குழியை நிரப்பத் தொடங்கியது. வளரும் பிள்ளைகளின் எலும்புக்கு இந்தச் சக்தி கூடுதலாக உண்டு. வெட்ட வேண்டாம் என்பதற்கு எந்த வயது காரணமோ, வெட்டாமலே ஆறுவதற்கும் அந்த வயதே துணை.

ஆனால் ஜன்னல் திறக்கலாமா, அறுக்கத்தான் வேண்டுமா என்று தீர்மானிக்க, முன்னால் இருக்கும் கட்டிக்குச் சரியான பெயர் தெரிய வேண்டும். அடுத்த 100 வருடச் சரித்திரம் பெரும்பாலும் பெயர் பிரித்து அறிந்த சரித்திரம்.

1933இல் கனடாவில் ஜோன்ஸ் என்பவர் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளின் இரு தாடைகளும் வீங்குவதைப் பற்றி எழுதினார். இது பரம்பரையாக வருவது, பருவ வயதைத் தாண்டும்போது பெரும்பாலும் தானாகக் குறைவது என்று பிறகு தெரிந்தது. அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பொறுமைதான் மருந்து.

1953இல் நியூயோர்க்கின் ஜாஃபி, இளவயதினரின் தாடையில் வரும் இன்னொரு கட்டியைப் பிரித்துக் காட்டினார். கை கால் எலும்புகளில் வரும் ஆபத்தான கட்டி ஒன்றைப்போலவே நுணுக்குக்காட்டியில் தெரியும், ஆனால் அதுவல்ல. சுரண்டி எடுத்தாலே பெரும்பாலும் ஆறிவிடும் என்றார்.

1957இல் உகண்டாவின் கம்பாலா ஆஸ்பத்திரியில் டெனிஸ் பர்கிட் என்ற சத்திரவைத்தியர், தாடையின் நான்கு மூலையும் வீங்கிய 5 வயதுச் சிறுவனைக் கண்டார். பிறகு அதேபோலப் பல பிள்ளைகளைக் கண்டார். இது மெய்யான புற்றுநோய், வேகமாகக் கொல்வது. ஆனால் கத்தியை விட மருந்துக்கே இது கரைந்தது. தாடையை வெட்டுவதில் பயனில்லை என்று ஒரு சத்திரவைத்தியரே கண்டு சொன்ன கதை இது.

நம் பிள்ளையின் கதைக்கு முக்கியமான ஆண்டு 1977. ரொபின்சன், மார்ட்டினஸ் என்ற இருவர் அமெலோபிளாஸ்டோமாவில் ஒரு தனி வகை இருப்பதைக் காட்டினார்கள். இது ஒரே ஒரு பையாக, நீர்க்கட்டிபோல இருக்கும். பெரும்பாலும் இளவயதில் வரும். முளைக்காத பல் ஒன்றைச் சுற்றி இருப்பது வழமை. மற்ற வகையைப்போல எலும்புக்குள் வேர் ஓடுவது குறைவு என்பதால், தோண்டி எடுத்தால் திரும்பி வருவதும் குறைவு. 'ஒற்றைப் பை' வகை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1988இல் தென்னாபிரிக்காவில் அக்கர்மனும் அவருடைய சகாக்களும் இப்படியான 57 கட்டிகளைப் பார்த்து அதையும் பிரித்தார்கள். கட்டியின் கலங்கள் பையின் உட்பக்கத்தோடு நின்றால் ஒரு மாதிரி. பையின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருந்தால் வேறு மாதிரி, அப்போது கூடுதல் சிகிச்சை தேவைப்படலாம்.

நம் பிள்ளைக்கு இருந்தது ஒற்றைப் பை வகை. முதலில் ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு வாய்க்குள் ஜன்னல் வைத்து ஒரு சிறு குழாயைப் பொருத்தினார்கள். அதற்குள் தினமும் உப்புத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். அதைச் செய்தது அந்தத் தாய். மாதக்கணக்காக, விடிய எழும்பி, கூலி வேலைக்குப் போகுமுன். கட்டி சுருங்கிய பிறகு மீதிப் பையைத் தோண்டி எடுத்து, சுற்றியிருந்த எலும்பையும் மெல்லிசாகச் சீவி விட்டார்கள். தாடை அப்படியே இருக்கிறது. உதடு மரத்துப் போகவில்லை. பிள்ளை இப்போது மாங்காய் கடிக்கிறாள்.

இப்போது தாயின் கேள்விக்கு வருவோம். வீக்கம் வத்திவிட்டது. பிறகும் ஏன் போக வேண்டும்?

2006இல் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாவ், சம்மான் என்ற இருவர் ஒற்றைப் பை வகைக்கு உலகம் முழுக்க நடந்த சிகிச்சைகளைத் திரட்டி எண்ணிப் பார்த்தார்கள். தாடையை வெட்டி எடுத்தவர்களில் 3.6 வீதத்தினருக்குக் கட்டி திரும்பி வந்திருந்தது. ஜன்னல் வைத்தவர்களில் 18 வீதம். தோண்டி எடுத்து, குழிக்குக் காரமான மருந்து பூசியவர்களில் 16 வீதம். தோண்டி எடுத்ததோடு மட்டும் விட்டவர்களில் 30.5 வீதம்.

இந்தக் கணக்கை ஆறுதலாகப் பாருங்கள். சின்னச் சத்திரசிகிச்சை செய்த 100 பிள்ளைகளில் 70, 80 பேருக்கு அதோடு முடிந்துவிடுகிறது. அவர்களுடைய தாடை தப்பியது, முகம் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ். மீதி 20, 30 பேருக்குத் திரும்பி வருகிறது. யார் அந்த 20, 30 என்று எந்த வைத்தியராலும் இன்றைக்கே சொல்ல முடியாது. திரும்பி வருவது சிறிதாக இருக்கும்போது எக்ஸ்ரேயில் கண்டால் இன்னொரு சின்னச் சிகிச்சை போதும். வெளியே வீக்கமாகத் தெரியும்வரை விட்டால், எந்த வெட்டுக்குப் பயந்து இவ்வளவும் செய்தோமோ அந்த வெட்டில் போய் நிற்க வேண்டி வரலாம்.

எவ்வளவு காலம் பார்க்க வேண்டும்? 1995இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் எல்லா வகையுமாக 3677 அமெலோபிளாஸ்டோமாக்களின் விபரத்தைத் தொகுத்தார்கள். திரும்பி வந்தவற்றில் பாதிக்கு மேல் முதல் 5 வருடங்களுக்குள் வந்திருந்தன. அப்படியென்றால் மீதி 5 வருடம் தாண்டியும் வந்திருக்கின்றன. 10 வருடம் கழித்து வந்ததும் உண்டு.

தாடையைக் காப்பாற்றும் சிகிச்சையை நாம் ஒரு கடன் என்று விளங்கிக்கொண்டோம். வைத்தியர் இன்றைக்குக் குறைவாக வெட்டுகிறார். அதற்குப் பதிலாக நாம் நாளைக்கும் அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில்தான் குறைவாக வெட்டுகிறார். சத்திரசிகிச்சை அறையில் நடந்தது பாதி. மற்றப் பாதி பஸ்ஸில் போய்வருவது.

இதை நம் ஊரில் சொல்லும்போது ஒரு விடயத்தை மறைக்க முடியாது. இந்த இரண்டாவது பாதி நம் மண்ணில் நீண்ட காலம் நடக்க வழியே இருக்கவில்லை.

நாட்டில் பல் வைத்தியப் படிப்பு 1943இல் கொழும்பில் தொடங்கி, 1950களில் பேராதனைக்குப் போனது. நீண்ட காலம் நாட்டின் ஒரே பல் மருத்துவ பீடம் அதுதான். ஜப்பான் அரசின் உதவியோடு 1998இல் அங்கே புதிய கட்டடத் தொகுதி வந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தாடைக் கட்டித் துண்டுகள் பரிசோதனைக்கு அங்கே போகின்றன. அங்குள்ள நோயியல் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட கட்டுரையில், பல்லோடு சம்பந்தப்பட்ட இப்படியான 1677 கட்டிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றில் முன்னுக்கு நிற்பது அமெலோபிளாஸ்டோமா. உலகத்தில் அரிது என்று சொல்லப்படும் நோய்க்கு இந்தச் சின்ன நாட்டில் இவ்வளவு அனுபவமும், காசு வாங்காத சிகிச்சையும் இருக்கின்றன. அறிவு இருந்தது. நமக்கும் அந்த அறிவுக்கும் இடையில் பாதை இருக்கவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, நம் பெற்றோர் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு புத்தளம் பக்கம் போனார்கள். அடையாள அட்டையையே தேட நேரம் இல்லாதபோது எக்ஸ்ரே உறையை யார் தேடுவார்? இங்கே இருந்த தமிழ் உறவுகளுக்கு ஏ9 பாதை மூடியே கிடந்தது. வவுனியாவைத் தாண்டப் பாஸ் வேண்டும். மருந்துக்கும் தட்டுப்பாடு. 2002இல் பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. 2009இல் சனம் எப்படி எங்கே போய்ச் சேர்ந்தது என்று இந்த ஊரில் யாருக்கும் நாம் சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் இந்த மண்ணில் ஒரு பிள்ளைக்குத் தாடையில் கட்டி வந்திருந்தால், ஜன்னல் வைத்து ஆறு மாதத்தில் வாருங்கள் என்று எந்த வைத்தியர் துணிந்து சொல்வார்? வரமாட்டார்கள் என்று தெரிந்தால் ஒரேயடியாக வெட்டுவதே பாதுகாப்பு என்று நினைக்க வேண்டி வரும். மெல்லிய சிகிச்சைக்குத் திறந்த பாதையும், ஒரே விலாசத்தில் பத்து வருடம் இருக்கும் வாழ்க்கையும் தேவை. சமாதானத்தின் பயன்களை எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

இன்று பாதை திறந்திருக்கிறது. ஒட்டுசுட்டான் ஊடாக மாங்குளம் போய் ஏ9 ஏறினால் வடக்கேயும் போகலாம், தெற்கேயும் போகலாம். யாரும் பாஸ் கேட்பதில்லை. இப்போது நம்மைத் தடுப்பது பஸ் காசும், இழக்கும் கூலியும், "வத்திப் போச்சுதே" என்ற நினைப்பும். முதல் இரண்டும் சின்ன விடயம் என்று நாம் சொல்ல மாட்டோம். மாதச் சம்பளம் எடுப்பவர் அப்படிச் சொல்வது பாவம்.

விஞ்ஞானமும் நிற்கவில்லை. 2014இல் கீழ்த் தாடை அமெலோபிளாஸ்டோமாக்களில் பெரும்பாலானவற்றில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரே மாதிரி மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகள் தோல் புற்றுநோய் ஒன்றுக்கு ஏற்கெனவே பாவனையில் இருந்தன. சில நாடுகளில் முதலில் மாத்திரை கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு தாடையைக் காப்பாற்றிச் சின்னதாக வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். இது இன்னும் எல்லோருக்கும் கொடுக்கும் சிகிச்சை அல்ல. ஆனால் 10 வருடம் கிளினிக்குக்குப் போகும் பிள்ளைக்கு, அந்த 10 வருடத்தில் வரும் புதிய வைத்தியமும் கிடைக்கும்.

நாம் வைத்தியர் அல்ல. எந்தக் கட்டிக்கு எந்தச் சிகிச்சை என்பதை வாய் முக தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர்தான் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு வெட்டித்தான் ஆக வேண்டும். அப்படிச் சொன்னால் அதற்கும் காரணம் இருக்கும். பயந்து ஓடி ஒளிய வேண்டாம். ஆசிரியராகவும் ஊரவராகவும் மூன்று விடயங்களை மட்டும் கேட்கிறோம்.

ஒன்று, பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். ஒரு பக்கக் கன்னம் அல்லது தாடை நோவில்லாமல் தடித்து இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால், ஒரு பக்கம் முளைத்த பல் மற்றப் பக்கம் நீண்ட நாளாக முளைக்காவிட்டால், சூத்தை இல்லாத பல் ஆடினால் அல்லது இடம் மாறினால், உதடு மரத்தால், பத்துப் போட்டுக்கொண்டு இருக்காமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். நோவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். பாடசாலைக்குப் பல் பரிசோதனைக்கு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் மறிக்க வேண்டாம். ஆசிரிய நண்பர்களே, நாளுக்கு ஐந்து மணித்தியாலம் பிள்ளைகளின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பவர்கள் நாம்தான். நாம் விட்ட பிழையை நீங்கள் விட வேண்டாம்.

இரண்டு, கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, பரிசோதனை அறிக்கை மூன்றையும் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். கைபேசியில் படம் எடுத்து இன்னொரு உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். இடம்பெயர்ந்து பழகிய சனத்துக்கு இதன் பெறுமதி விளங்கும்.

மூன்று, யாருடைய பிள்ளையாவது தூரத்துக் கிளினிக்குக்குப் போகிறது என்று தெரிந்தால், அந்த ஒரு நாளைக்கு உதவுங்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. சத்திரசிகிச்சை நாளில் எல்லோரும் காசு சேர்க்கிறோம். மூன்றாம் வருடத்துக் கிளினிக் நாளுக்கு யாரும் சேர்ப்பதில்லை. அந்த பஸ் காசுதான் சத்திரசிகிச்சையின் மீதிப் பாதி என்பதை மறக்க வேண்டாம்.

போன கிழமை அந்தத் தாயை மறுபடி கண்டோம். டெனசிப் பையனின் கதையைச் சொன்னோம், அறுகின் கதையைச் சொன்னோம், நூறு பிள்ளைகளின் கணக்கைச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்பிடி முதலே ஒருத்தரும் சொல்லேல்லை சேர்" என்றார். அறுகு விளங்கிவிட்டது, அவரும் தோட்டக் கூலிக்குப் போகிறவர்தான். தவறிய திகதிக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் புதிய திகதி வாங்கியிருக்கிறார். அன்று அவருக்குப் போகும் கூலியைப் பாடசாலை நண்பர்கள் சிலர் பார்த்துக்கொள்கிறோம். பிள்ளைக்கு அன்றைய பாடங்களை அடுத்த நாள் நாம் சொல்லிக் கொடுப்போம்.

அவளுக்கு இப்போது 13 வயது. 10 வருடம் என்றால் 23 வயதுவரை போக வேண்டும். அதற்குள் நம்மிடமிருந்து விலகி உயர்தரம் முடித்து எங்கேயாவது போய்விடுவாள். எங்கே போனாலும் அந்தக் கொப்பியைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று அவளிடமே சொல்லியிருக்கிறோம். தலையாட்டினாள். துஆச் செய்யுங்கள், பிரார்த்தியுங்கள்.

வாசித்தவர்கள் பகிருங்கள். உங்களுக்குத் தெரிந்த பிள்ளை யாராவது இப்படிக் கிளினிக்கை விட்டிருந்தால், இன்றைக்கே அந்த வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கள்.